கையெழுத்துக்கு மேலே மூன்று விரல் இடம்

புதிதாக ஊராட்சி எழுத்தர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்ததாம். ஜிப் வைத்த பை ஒன்று, பேனா ஒன்று, மத்தியானம் குஸ்கா. சுவரில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று பேனர் கட்டி, அதன் கீழே உங்களை நிற்க வைத்துப் படமும் எடுத்திருக்கிறார்கள். பேச வந்தவர்களில் ஒருவராவது தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினாரா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். எப்படிக் காட்டுவார்கள்? சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் யாரும் அடுப்படிக்குள் வருவதில்லை.

அந்த அடுப்படியில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் எழுபதுகளில் எங்கள் ஊராட்சியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஊர். ஒரே டீக்கடை பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓடும். தீர்மானம் மட்டும் தமிழில். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் தெலுங்கு படித்தவர்கள். ஆக, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், அவ்வளவுதான். இதற்குப் பெயர் உள்ளாட்சி.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். பள்ளிக்கூடத்துக் கிணற்றைத் தூர்வார வேண்டும் என்று தீர்மானம் எழுதி, கடைசி வரியை ஒட்டியே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, கிணற்றுக்கு மூடி போடுவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்றார். எழுத இடமில்லை. மறுபடியும் கூட்டம் போட வேண்டியதாயிற்று. அன்றைய தலைவர் என்னைப் பேரிகை சந்தையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மாடு பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“உனுக்கெல்லாம் எவன்யா கிளார்க்கு வேலை குடுத்தது?”

அவர்தான் கொடுத்தார். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அன்று சாயங்காலம் மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். “கடைசி வரிக்கும் மொதக் கையெழுத்துக்கும் நடுவுல இவ்ளோ வெள்ளை விடு. வெள்ளை இருக்கற வரைக்கும் உனுக்கு வேலை இருக்கும்.” வேறு எதையும் அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதுவே அதிகம்.

அதிலிருந்து ஒரு கூட்டம் தவறாமல் மூன்று விரல் இடம் விட்டேன். சூழ்ச்சி செய்ய அல்ல. பயம். ஆபீசைப் பூட்டிவிட்டுப் புளியமரம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பையில் பேனா இரண்டு, கைநாட்டு வைக்கிற ஸ்டாம்ப் பேடு இரண்டு. ஒன்று காய்ந்துவிட்டால்? அப்படிப்பட்டவனுக்கு அந்த வெள்ளை இடம் தலையணை மாதிரி. எதையாவது மறந்திருந்தால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தேன். நான் விட்டு வைத்த இடத்தில் வேறு யார் வந்து படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஒன்றியத்தின் கையில் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தையும் பார்த்தேன். வாத்தியாருக்கு எந்த ஊர் என்பதை, அவர் யார் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது முடிவு செய்தது. பிறகு எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். தொண்ணூறுகளில் அதே வாயால், உள்ளூர்க்காரர்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றார்கள். கிராமக் கல்விக் குழு போடுங்கள், பெண்களைச் சேருங்கள், காலனி ஆட்களைச் சேருங்கள், பள்ளிக்கூடம் இனி உங்களுடையது என்று சுற்றறிக்கை வந்தது. வந்த சுற்றறிக்கையைத் தலைவர் மேசைக்குக் கீழே வைத்து, அதன்மேல் செருப்பைக் கழற்றி வைத்தார்.

இந்தத் தலைவர் புதியவர். நிறைய நிலம். ஓசூரில் கம்பெனிகள் வர வர, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கேழ்வரகுக் காட்டை மனை போட்டுக் கல் நட்டு வைத்திருந்தார். குழுவுக்குப் பெயர் எழுதும்போது பங்காளிகள் இரண்டு பேர், மச்சினன், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் என்று மளமளவென்று சொன்னார். காலனியில் ஒரு பெண் வேண்டும் என்றேன்.

“கம்பெனிக்குப் போறாளே முனிரத்னம்மா, அவ பேரப் போடு.”

“ஷிஃப்டுக்குப் போற பொம்பளைங்க. கூட்டத்துக்கு வர மாட்டாங்களே தலைவரே.”

“அதுக்குத்தான்யா போடச் சொல்றேன்.”

முனிரத்னம்மா ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். இரும்புச் சாமான்களைக் குழி குழியாக இருக்கும் தட்டில் அடுக்குகிற வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. காலனியில் ஓட்டுக் கொட்டகையில் நடந்த ஓராசிரியர் பள்ளியில் படித்தாள். கம்பெனி பஸ் காலையில் ஏழு மணிக்கு வந்துவிடும். அம்மா பஸ் ஏறிய பிறகு, அந்தப் பிள்ளை தானே பூட்டு போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாலு வீடு தாண்டிப் பள்ளிக்கூடம் போகும். காலனியில் அந்த மாதிரிச் சாவி மாட்டிய பிள்ளைகள் நிறைய. கொட்டகை பக்கத்தில் இருந்ததால்தான் தாய்மார்கள் நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள்.

கொட்டகை ஒழுகியது. பள்ளிகளுக்கென்று வந்த சீர்திருத்தத் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கு இரண்டு அறைக் கட்டடம் ஒன்று வந்தது. எங்கே கட்டுவது என்று பேச முதல் கூட்டம். சட்டப்படி தமுக்கு அடிக்க வேண்டும். அதிலும் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்: ஊரே காட்டுக்கும் கம்பெனிக்கும் போன பிறகு, பகல் பன்னிரண்டு மணிக்கு அடிப்பது. நாய்களுக்கும் கோழிகளுக்கும் முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு, ‘தண்டோரா போடப்பட்டது’ என்று எழுதிவிடுவோம்.

ஆனாலும் முனிரத்னம்மா வந்துவிட்டாள். கம்பெனி நீலக் கோட்டோடு, பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு.

“மக வூட்ல இருந்து தமுக்கக் கேட்டாளாம். கேட்டுப் புட்டுப் புட்டு வெக்கறா,” என்றாள் என்னிடம். முந்தின நாள் தமுக்கு அடித்தபோது பிள்ளை காய்ச்சலோடு வீட்டில் இருந்திருக்கிறது. எங்கள் ஏற்பாட்டில் காய்ச்சலை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

கூட்டம் சீக்கிரம் முடிந்தது. தலைவருக்கு அன்று ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், மனம் இதில் இல்லை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே புறம்போக்கு இருக்கிறது, அங்கேயே கட்டுங்கள் என்றாள் முனிரத்னம்மா. தலைமையாசிரியரும் சரி என்றார். காலனிப் பள்ளிக்குப் புதிய கட்டடம் கட்டித்தரக் கேட்டுத் தீர்மானம் என்று எழுதினேன். மூன்று விரல் விட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பெருவிரலை ஸ்டாம்ப் பேடில் அழுத்திக்கொண்டே பக்கத்தைப் பார்த்தாள்.

“கிளார்க்கண்ணா, நடுவுல இது ஏன் வெள்ளையா கெடக்குது?”

“அது ஆபீஸ் வழக்கம்மா.”

“ஓ,” என்றாள். ரேகை வைத்தாள்.

என்னை அதற்கு முன்னால் இருபது வருடத்தில் யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. படித்தவர்கள் எழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

பத்து நாள் கழித்து, கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். வெளி மாவட்டத்துக்காரர். நல்ல தமிழ் பேசுவார், அதில் ஒரு சொட்டுக் காரியம் இருக்காது. தலைவரும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிறு பள்ளிகளை இணைப்பதுதான் இப்போதைய கொள்கையாம். தலைவர் பெரிய மனது பண்ணி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் மனைகளுக்கு நடுவில் இடம் தானமாகக் கொடுக்கிறாராம். கட்டடம் அங்கே வரும். காலனிப் பள்ளி அதில் இணையும்.

பள்ளிக்கூடம் வந்தால் தார் ரோடு வரும், கரண்டுக் கம்பம் வரும், தண்ணீர்க் குழாய் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மனை என்றால் ஓசூர்க் கம்பெனி ஆட்கள் விழுந்தடித்து வருவார்கள். தானத்திலேயே பெரிய தானம் இதுதான், கொடுத்தவனிடமே வட்டியோடு திரும்பி வரும்.

“தீர்மானம் வேற மாதிரி இருக்குதுங்களே சார்,” என்றேன்.

அதிகாரி புத்தகத்தைத் திருப்பினார். என் மூன்று விரல் இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இடம் இருக்கிறதே!”

“நீயே எழுதுய்யா,” என்றார் தலைவர். “கையெழுத்து ஒரே மாதிரி இருக்கணுமில்ல?”

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் நினைத்தால் நாளைக்கே என் நாற்காலியில் வேறு ஆள். எட்டாம் வகுப்புக்காரனை எந்தக் கம்பெனி கேட்டில் விடுவார்கள்? மை மாறக் கூடாதே என்று அன்றைக்கு எழுதிய அதே பேனாவைத் தேடி எடுத்தேன். கவனியுங்கள்: அந்த நேரத்திலும் என் கவலை பேனாவைப் பற்றி. மூன்று வரி. ‘மேற்படி கட்டடத்தைத் தலைவர் தானமாக வழங்கும் நிலத்தில் கட்டவும், காலனிப் பள்ளியை அதனுடன் இணைக்கவும் ஒருமனதாக ஒப்புதல் அளிக்கப்பட்டது.’ எழுத்து நடுங்கவில்லை. கச்சிதமாகப் பொருந்தியது.

கிராம சபையில் அதைப் படித்தார்கள். காந்தி ஜெயந்தி, கம்பெனிகளுக்கு லீவு, அதனால் காலனியிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதிகாரி நின்றுகொண்டு, மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தார். ‘ஒருமனதாக’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், கைதட்டலுக்கு. முனிரத்னம்மா எழுந்தாள்.

“அப்பிடி யாரும் பேசலீங்களே. கொட்டாயிகிட்டயே கட்டறதுன்னுதான பேசனாங்க?”

“உங்கள் கைநாட்டு இருக்கிறதே அம்மா.”

“புஸ்தகத்தக் காட்டுங்க.”

“காட்டினால் படித்துவிடுவீர்களா?” என்றார் அதிகாரி. முன்வரிசையில் தலைவரின் பங்காளிகள் சிரித்தார்கள்.

அவள் நேராக வந்து பக்கத்தைப் பார்த்தாள். தன் ரேகையைப் பார்த்தாள். அதற்கு மேலே விரலை வைத்தாள். என் மூன்று வரிகள்மேல் சரியாக வைத்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். வெள்ளை எது, கறுப்பு எதுன்னு தெரியும். நான் ரேகை வெக்கறப்ப இந்த எடம் வெள்ளையா இருந்துச்சு. தட்டுல ஒரு குழி காலியா இருந்தா என் கண்ணு சும்மா இருக்காது, அதான் எங்க வேலையே. இது ஏன் காலியா இருக்குதுன்னு அன்னிக்கே கேட்டேன். இந்தண்ணன்தான் ஆபீஸ் வழக்கம்னு சொன்னாரு. கேளுங்க.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதிகாரி ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்: “எழுத்தரே, இது கூட்டத்தில் போட்ட தீர்மானம்தானே?”

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் வேலை போய்விடும். நான் இரண்டும் சொல்லவில்லை. நம் உத்தியோகத்தில் இதற்கென்றே மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னேன்.

“புத்தகத்துல என்ன இருக்குதோ அதானுங்க சார்.”

பொய் சொல்கிறவனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியும். இந்தப் பதிலைச் சொல்கிறவன், பொய்யே சொல்லவில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நான் சாப்பிட்டேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிண்ணா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டடம் எழுந்தது. மஞ்சள் வர்ணம், சுவரில் யானை, மயில், திருக்குறள். கொட்டகைக்குப் பூட்டு போட்டார்கள். வாத்தியாரை அங்கே மாற்றினார்கள். காலனிப் பிள்ளைகள் பெங்களூர் ரோட்டைத் தாண்ட வேண்டும். கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் அந்த ரோட்டில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா அம்மா யாராவது வீட்டில் இருக்கிறவர்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். கம்பெனிக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். முனிரத்னம்மாவின் மகளும் நின்றுவிட்டாள். நான் ஆபீஸ் போகிற வழியில் அந்த வீடு. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும். முதலில் சிலேட்டு இருந்தது. பிறகு சிலேட்டும் இல்லை. நான் பாரூர் ஏரியைச் சுற்றுகிற மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போக ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்பில் நின்றவனுக்கு, இரண்டாம் வகுப்பில் நின்ற பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும், ஒரு செய்தி வந்தது. சீர்திருத்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மேலேயிருந்து பெரிய குழு வருகிறது. கட்டடத்தைப் பார்ப்பார்களோ இல்லையோ, தீர்மானப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். கட்டடத்தை ஏற்றுக்கொண்டு கல்விக் குழு மகிழ்ச்சி தெரிவித்த தீர்மானம் வேண்டும். எல்லா உறுப்பினரும் இருக்க வேண்டும். முக்கியமாகப் பெண் உறுப்பினர், முக்கியமாகக் காலனி உறுப்பினர். வரவே மாட்டாள் என்று போட்ட பெயர் இப்போது வந்தே ஆக வேண்டும்.

புதுக் கட்டடத்தில் கூட்டம் என்று நான் போய்ச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“பஸ்ஸ விட்டு எறங்கி வருவேன். ரோட்டத் தாண்டி வர மாட்டேன். கொட்டாயில கூட்டம் வெக்கச் சொல்லுங்க.”

தலைவர் குதித்தார். “அவ கூப்பிட்ட எடத்துக்கு நாம போவணுமா? எப்பிடிய்யா?” ஆனால் பெரிய குழு மறுநாள் காலையில் வருகிறது. அதிகாரி அவரைச் சமாதானம் பண்ணினார். பூட்டிய கொட்டகையைத் திறந்து, எலிப் புழுக்கையைக் கூட்டி, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். காலனிப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். குழுவில் இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்றார் அதிகாரி. “வாசல்ல நிக்கலாமில்ல? இது எங்க வாசலு,” என்று ஒருத்தி தெலுங்கில் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மகிழ்ச்சித் தீர்மானத்தை நான் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முனிரத்னம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“யாருக்கு மகிழ்ச்சி?” என்றாள்.

“பொதுவா எழுதறதும்மா,” என்றார் தலைமையாசிரியர்.

“பொதுவா மகிழ்ச்சின்னா, பொதுவா ரேகை வெச்சிக்கோங்க. என் வெரலு எதுக்கு?”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, கம்பெனியில நின்னு நின்னு களைச்சுப் போயி வந்திருக்கற. வெச்சிட்டுப் போயி வூட்ல படு.”

“நின்னுக்கினே வேலை செய்யறவ தலைவரே, இன்னும் கொஞ்ச நேரம் நிப்பேன். உங்களுக்குத்தான் விடியறதுக்குள்ள வேணும்.”

வாசலில் மறுபடியும் சிரிப்பு. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னதான் வேண்டும் உங்களுக்கு என்றார். அவள் சொன்னாள்: இந்தக் கொட்டகையைத் திறக்க வேண்டும். ஒரு வாத்தியார் இங்கேயே இருக்க வேண்டும். ரோட்டைத் தாண்ட முடியாத பிள்ளைகள் இங்கே படிக்கட்டும். அதை எழுதினால் ரேகை, அந்த மகிழ்ச்சியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் வாயைத் திறந்தார். அதிகாரி அவர் முழங்கையைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, “அம்மா சொல்வதை அப்படியே எழுதுங்கள், எழுத்தரே,” என்றார். சொல்லிவிட்டு ஒரு கண்ணை லேசாகச் சுருக்கினார். அவர் பார்வை பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போனது. எனக்குப் புரிந்தது. குழு வந்து போகட்டும். பிறகு நிதானமாக, ‘மேற்படி கோரிக்கை பரிசீலனைக்குப் பின் கைவிடப்பட்டது’ என்று மூன்று வரி.

எழுதினேன். அவள் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் எழுதினேன். எழுதி முடித்து, பெயர்களை வரிசையாகக் கீழே போட ஆரம்பித்தபோதுதான் பார்த்தேன், என் கை தானாகவே மூன்று விரல் இடத்தை விட்டிருந்தது. அதிகாரிக்காக விட்டேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதை. அதுவும் இல்லை. செக்கு மாடு வழி பார்த்தா சுற்றுகிறது? பழக்கம்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். பங்காளிகள் போட்டார்கள். புத்தகம் அவளிடம் போனது. அவள் ஸ்டாம்ப் பேடை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த வெள்ளையைப் பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தவள்தானே.

பெருவிரலை மையில் வைத்தாள். தன் பெயருக்கு நேராக வைக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே, இடது ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் மையில் தொட்டு, அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. குழி குழியாகத் தட்டில் சாமான் அடுக்குகிற மாதிரி, இடைவெளி இல்லாமல், அவசரமும் இல்லாமல், வலது ஓரம் வரைக்கும் ஒரு வரிசை. பிறகு இரண்டாவது வரிசை.

அதிகாரிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், அவருடைய நல்ல தமிழ் போய்விட்டது. “ஏய், என்ன பண்ற? அரசாங்கப் புத்தகம் அது! எழுத்தரே, பிடுங்குய்யா!”

“புடுங்குய்யா, பாத்துக்கினு இருக்கற!” என்றார் தலைவர்.

புத்தகம் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். அவள் இரண்டாவது வரிசையில் பாதியில் இருந்தாள். ரேகை வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஸ்டாம்ப் பேடு காய்ந்துவிட்டது. மூன்றாவது முறையும் அழுத்திப் பார்த்தாள், மை வரவில்லை. அந்த இடத்தில் பாதி இன்னும் வெள்ளை.

பைக்குள் கையை விட்டேன். இருபது வருடமாகச் சுமந்து திரிந்த இரண்டாவது ஸ்டாம்ப் பேடை எடுத்தேன். மூடியைத் திறந்து, அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

முப்பது வருடப் பணியில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். ஒரு மைப் பெட்டியை ஒரு முழம் நகர்த்தினேன். இதற்காக யாரும் எனக்குச் சால்வை போட வேண்டாம். ஒரு வாக்கியத்தில் செய்ய வேண்டியதை, காந்தி ஜெயந்தி அன்று செய்ய வேண்டியதை, ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்பு போன பிறகு செய்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. புது மையில் விரலை வைத்து, மீதியை நிரப்பினாள். ஒரு அரிசி வைக்க இடமில்லை. பிறகு தன் பெயருக்கு நேராக ஒன்று வைத்து, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய குழு வந்தது. நான்கு பேர், கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில். புத்தகத்தைத் திறந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். “என்ன இது?”

தலைவர் தரையைப் பார்த்தார். அதிகாரி ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு இரு கைகளையும் விரித்துக்கொண்டு சொன்னார்: “ஆர்வம் சார். எழுத்தறிவில்லாத தாய்மார்களின் ஆர்வம். ஒரு ரேகை போதாது என்று சொல்லிவிட்டார்கள் சார்.”

வந்தவர்கள் மகிழ்ந்துபோனார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார்கள். தீர்மானத்தையும் படித்து, ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார்கள். ஓராசிரியர் பள்ளியை மக்களே கேட்டுத் திறக்கிறார்களா, எப்போது திறக்கிறீர்கள் என்று அதிகாரியைக் கேட்டார்கள். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்டவர், அடுத்த திங்கட்கிழமை என்றார். திங்கட்கிழமை அல்ல, அதற்கடுத்த மாதம்தான் வாத்தியார் வந்தார். ஆனாலும் வந்தார். கொட்டகைக்கு ஓடு மாற்றினார்கள். அந்தத் தீர்மானத்தை மாற்றி எழுத இடமில்லை, அதனால் அது நின்றது. அந்தப் படத்தைப் பிறகு ஏதோ பயிற்சியில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று காட்டுவதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்கும் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால், இதுதான் அது.

முனிரத்னம்மாவின் மகள் மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. நான் பழையபடி நேர் வழியில் ஆபீஸ் போக ஆரம்பித்தேன்.

உங்கள் எழுத்தர் சங்கத்தில் என் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினீர்கள். அந்தப் பழைய புத்தகம் எங்கள் ஊராட்சி ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். காலனிப் பள்ளியை இடம் மாற்றிய மூன்று வரிகள் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று பாருங்கள். பயந்தவன் கை எழுதினால் அவ்வளவு அழகாக வரும். உங்களுக்கும் பயம் வரும், வராமல் இருக்காது. தலைவர் பயம், அதிகாரி பயம், வேலை பயம். பயப்படுங்கள், ஆனால் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டுப் பயப்படுங்கள்.

நான் அடுத்த கூட்டத்துக்கு ஒரு அடி ஸ்கேல் வாங்கிக்கொண்டு போனேன். தீர்மானம் எழுதி முடித்ததும், கடைசி எழுத்தின் காலை உரசிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குக் கீழே பெயர்கள். தலைவர் என்னை முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். புத்தகம் முனிரத்னம்மாவிடம் போனது. கம்பெனிக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டாம்ப் பேடை இழுத்து வைத்தாள். கோட்டின்மேல் விரல் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவிப் பார்த்தாள். எத்தனை வைப்பாளோ என்று பையில் இருந்த இரண்டாவது பேடைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவள் தன் பெயருக்கு நேராக ஒன்று வைத்தாள். ஒன்றே ஒன்று. புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.